கடைசி ரீல் வராத வாரம்

பாம்பூஃப்ளாட்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ராசாவுக்கு அம்மா எழுதுவது.

இதை நின்றுகொண்டே படிக்காதே, நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொள். எதைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த ஒரு தடவை அம்மா சொல்கிறேன், வரிசையாகப் படி. போன திங்கட்கிழமை கிளம்பியிருக்க வேண்டிய மெட்ராஸ் கப்பல், என்ஜின் கோளாறு என்று சொல்லி இன்னமும் சாத்தம் ஜெட்டியிலேயே நிற்கிறது. நானோ வீட்டைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோவை வங்காளத்து மாலதி தீதிக்குக் கொடுத்தாயிற்று. கேரம் போர்டு செல்லையா வீட்டுக்குப் போயிற்று. கோழிகள் பின்வீட்டுத் தெலுங்கம்மா கூண்டுக்குப் போய்விட்டன. ஒரு பாய், ஒரு பானை, இரண்டு தட்டு, கட்டி வைத்த டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான் மிச்சம். பெட்டியைத் திறந்தால் மறுபடி கட்ட வேண்டுமே என்று திறக்கவும் மனமில்லை. ஒரு வாரமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு நடுவில் உன் கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் படித்தேனோ. நான் வந்து இறங்குகிற முதல் வாரத்துக்கு நீ போட்டு அனுப்பியிருந்த திட்டம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை வீட்டுக்கார ஐயா வீட்டு டெலிவிஷன், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மவுண்ட் ரோட்டில் புதுப் படம், குளுகுளு தியேட்டர். புதன்கிழமை வாடகை நூலகத்தில் சேர்த்துவிட்டு எனக்குப் பிடித்த மாதிரி கதைப் புத்தகம். வியாழக்கிழமை சபாவில் பாட்டுக் கச்சேரி. வெள்ளிக்கிழமை மருமகள் சுமதியும் அவள் தங்கையும் என்னோடு சீட்டு விளையாடுவார்கள். "இனிமேல் பொழுது போகவில்லை என்ற பேச்சே உனக்கு இருக்காதும்மா" என்று கடைசியில் எழுதியிருந்தாய். படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனாலும் ராசா, நீ உன் வாரத்தைச் சொன்னாய். கப்பல் நின்றுபோனதால் எனக்கு இங்கே ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த வாரத்தில் நான் பார்த்தது, கேட்டது, படித்தது, ஆடியது எல்லாவற்றையும் நீயும் கேட்டுக்கொள்.

டெலிவிஷனை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு சின்ன ஜன்னல் மாதிரிப் பெட்டிக்குள் ஆட்கள் நடமாடுவார்கள் என்று எழுதியிருந்தாய். என் வீட்டு ஜன்னலில் இந்த வாரம் முழுக்க ஒரே நிகழ்ச்சிதான்: எதிர்க்கரையில் நிற்கிற என் கப்பல். காலையில் எழுந்து பார்த்தால் நிற்கிறது. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் நிற்கிறது. நடுவில் ஒரு தடவை புகைபோக்கியில் கொஞ்சம் புகை வந்தது. நான் புடவையை மாற்றிக்கொண்டு, பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட ஓடினேன். வழியில் செல்லையா சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். நம் பக்கத்து வீட்டுச் செல்லையா சித்தப்பாதான். மரமில்லில் இன்னும் அதே வேலை, இதே கப்பலில் அவருக்கும் ஊருக்குப் போக லீவு டிக்கெட்.

"எங்க மதினி ஓடுதீய? ஜஹாஜ் இன்னைக்கும் கெளம்பாதாம்லா. ஏதோ பார்ட்டு மெயின்லேண்ட்ல இருந்து பிளேன்ல வரணுமாம். கல் பர்சோன்னு சொல்லுதான் ஆபீஸ்காரன்."

நாளை, நாளை மறுநாள் என்று இந்த ஊர் ஆபீஸ்காரர்கள் எதற்கும் சொல்வதுதானே அது. உன் அப்பா இருந்தவரை ஃபெர்ரியில் வேலை பார்த்தாரே, அவர் அடிக்கடி சொல்வார், தீவில் கடிகாரம் வைத்திருக்கிறவனைவிடத் திட்டம் வைத்திருக்கிறவன்தான் பெரிய முட்டாள் என்று. வீட்டுக்குத் திரும்பி வந்து மாற்றிய புடவையை மறுபடி மாற்றினேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பாட்டுக்கு மாலதி தீதி வீட்டுக்குப் போனேன். சாயங்காலமானால் சிலோனிலிருந்து தமிழ்ப் பாட்டு வருமே, அதைக் கேட்கலாமென்று. என் ரேடியோ அவள் வீட்டு அலமாரி மேல் பூப்போட்ட துணி விரித்து, மாலை போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. வங்காளத்தில் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ, பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் சாப்பிடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், கொடுத்தவளே போய்ப் பார்க்கலாமா? மாலதிக்கு என் முகம் தெரியாதா? இந்த இருபது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் அவள் எனக்கு மீன் குழம்புக்குக் கடுகு அரைக்கச் சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்குப் புளி கரைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவளே எழுந்து முள்ளைத் திருப்பி வைத்தாள். அலைச்சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு பாதி வந்தது, இரைச்சல் வந்து மீதியை அமுக்கிவிட்டது. எங்களுக்கு அதெல்லாம் பழக்கம். விட்ட இடத்திலிருந்து நான் பாடி முடித்தேன். அவள் மாமியார் உள்ளேயிருந்து கை தட்டினாள்.

புத்தகத்துக்குச் செல்லையா வீட்டுக்குப் போனேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து அவர் பெண்டாட்டி தைத்து வைத்திருக்கிற தொகுப்பு ஒன்று கேட்டு வாங்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், இங்கே பத்திரிகை வாராவாரம் வராது, கப்பல் வந்தால் நாலைந்து வாரத்துக்கானது ஒரே கட்டாக வரும். ஒரு கட்டு மழையில் நனைந்து போனாலோ, ஏஜெண்டுக்குக் குறைவாக வந்தாலோ கதையில் ஒரு வாரம் ஓட்டை. இந்தத் தொகுப்பிலும் நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை. போன அத்தியாயத்தில் அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அடுத்த அத்தியாயத்தில் தங்கச்சி மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் காத்திருந்த நேரமெல்லாம் பேசிப் பேசி, நாங்கள் பெண்கள் ஒரு கதை பண்ணி வைத்திருந்தோம். அதை இப்போது மறுபடி நினைத்துக்கொண்டு படித்தேன். உண்மையில் ஆசிரியர் என்ன எழுதினாரோ தெரியாது. எங்களுடையது மட்டமாக இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

விளையாட்டு, கேரம். என் போர்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து ஆடினேன். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதற்கு ஜோடிக் காயைப் போடத் தெரியாமல் விட்டேன், அதுவும் குழிவாயில் இருந்த காயை. செல்லையா ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மதினி, நீங்க போற ஆளு மாதிரியும் ஆடல, இருக்குற ஆளு மாதிரியும் ஆடல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசாம அடிங்க செல்லையா" என்றேன். அவர் அடித்தார், ஜெயித்தார். நான் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். கப்பல் நின்றது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எனக்கு இரண்டு காலும் காற்றில்.

இப்போது படத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். இங்கே படம் ஓடுகிற விதத்தைச் சுமதிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவளும் படிப்பாள் அல்லவா? கப்பலில் ஒரு பிரிண்ட்தான் வரும். அதே பிரிண்டைப் போர்ட் பிளேரிலும் ஓட்ட வேண்டும், இந்தக் கரையில் எங்கள் தகரக் கொட்டகையிலும் ஓட்ட வேண்டும். அங்கே ஆட்டம் முன்னதாகத் தொடங்கிவிடும். ஓடி முடிந்த ரீலை டப்பாவில் போட்டு ஃபெர்ரியில் ஏற்றுவார்கள், இங்கே இறக்கி மாட்டுவார்கள். கடைசி ரீல் கடைசி ஃபெர்ரியில் வரும். கடலில் காற்று எழும்பினால் ஃபெர்ரி நின்றுவிடும், எங்கள் ஊர்க் கதாநாயகன் கத்தி தூக்கிய கையோடு நின்றுவிடுவான். அந்த டப்பாக்களைத் தூக்கி வந்தவர் உன் மாமனார், சுமதி. எத்தனையோ வருடம் தூக்கினார், ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதிப் படம் ஓடும்போது அவர் தண்ணீர் நடுவில் இருப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பார். நான் சொல்வேன். நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சொல்ல வந்தது. பிறகு கொட்டகையிலேயே தமிழ்ப் படம் ஓடினால் மாலதிக்கும் தெலுங்கம்மாவுக்கும் காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்களுக்கும் நான்தான் நம் ஊர் இந்தியில் கூடவே சொல்லிக்கொண்டு போவது என்று ஆகிவிட்டது. முடிவு வராத நாளில் முடிவையும் நான்தான் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் பார்த்துவிட்டு வந்த யாரிடமாவது முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை தமிழ்ப் படம். ஒரு விதவைத் தாய், ஒரே மகன், அவன் பட்டணத்தில் வக்கீலாகிவிடுகிறான், பணக்காரப் பெண்ணைக் கட்டுகிறான். அம்மா மலையடிவாரத்தில் சின்ன வீட்டில் தனியாக. சிரிக்காதே, நானும் சிரித்தேன். உட்கார்ந்து பார்க்கப் பார்க்கச் சிரிப்பு போய்விட்டது. மகன் கார் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப் போக வருகிறான். கார் வாசலில் நிற்கிறது. அம்மா கதவைத் திறக்கிறாள். அத்தோடு திரை வெள்ளையாகிவிட்டது. வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆப்பரேட்டர் எட்டிப் பார்த்து, "போட் பந்த்! லாஸ்ட் ரீல் கல் ஆயேகா!" என்று கத்தினார். ஃபெர்ரி நின்றுவிட்டது, கடைசி ரீல் நாளைக்குத்தான். ஒரே கூச்சல், விசில். யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். அப்புறம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று.

"தீதி, ஆப் போலோ" என்றாள் மாலதி. அக்கா, நீங்க சொல்லுங்க.

எனக்கு முடிவு தெரியாது, ராசா. இந்த வாரம் இருந்த இருப்பில் யாரிடமும் கேட்டு வைக்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மழைக்கு ஒதுங்கிய அத்தனை பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நிற்காமல் இருக்க எனக்குத் தெரியாதே. எழுந்தேன். மகன் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டான் என்றேன். பெட்டி எங்கேம்மா என்று கேட்டான் என்றேன். அவள் அவனை உள்ளே உட்கார வைத்து, வயிறு நிறையச் சோறு போட்டாள் என்றேன். அதுவரைக்கும் நான்தான் சொன்னேன். அதற்கு மேல் வாய் தன்பாட்டுக்குப் போயிற்று. "லேகின் மா காடி மே நஹி பைட்டி" என்றேன். அம்மா காரில் ஏறவில்லை. மகன் கூப்பிட்டான், அழுதான். அவள் அவன் தலையைத் தடவிவிட்டு, உன் வீடு நல்ல வீடு, என் வீடு இது, நீ வா, வந்து வந்து போ என்று சொல்லிவிட்டாள். கார் போயிற்று. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். கதம், முடிந்தது.

பிறகு மாலதி தாழ்ந்த குரலில் கேட்டாள், "ஔர் பேட்டா, தீதி?" அந்த மகன் என்ன ஆனான் என்று. கதை முடிந்துபோச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்று விரட்டினேன். குடையை மறந்து வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறக்கிறேன், வாசலில் மாலதி. கையில் ரேடியோ, பூப்போட்ட துணியோடு. உள்ளே வந்து பழைய இடத்தில் வைத்தாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் செல்லையா கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பின்னாலேயே தெலுங்கம்மா, இரண்டு கக்கத்திலும் கோழி. எனக்குத் தலை சுற்றிற்று.

"என்ன இதெல்லாம்?"

"நீங்கதான போகலன்னு சொன்னீய, மதினி."

"நான் எப்பச் சொன்னேன்?"

"நேத்து கொட்டாயில. ஊரே கேட்டுச்சே."

"அது சினிமா, செல்லையா! படத்துல வர்ற அம்மா!"

செல்லையா போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, "படத்துல வர்ற அம்மாவா?" என்று தெலுங்கம்மாவைப் பார்த்தார். அவள் கோழிகளைக் கீழே விட்டாள். அவை நேராகக் கொல்லைக்குப் போய்விட்டன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறான், நான் போவேன், போகாமல் இருப்பேன், அதைச் சொல்ல நீங்கள் யார் என்று மூன்று பாஷையிலும் கத்தினேன். மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பது சரிதான். ஆனால் யாரும் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி ரீல் வந்தது. முந்தின நாள் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் சும்மா காட்டினார்கள். உண்மையான முடிவு என்ன தெரியுமா? மகன் அம்மா மடியில் தலை வைத்துக் குழந்தை மாதிரி அழுகிறான். அம்மா எழுந்து அவனோடு காரில் ஏறிவிடுகிறாள். பட்டணத்தில் மருமகள் ஆரத்தி எடுக்கிறாள், பாட்டு, சுபம். எங்கள் கொட்டகை ஒத்துக்கொள்ளவில்லை! "கலத் ஹை! கலத் ஹை!" என்று கத்தினார்கள். தப்பு, தப்பு, தீதி சொன்னதுதான் சரி என்று ஒரு ராஞ்சிக்காரர் ஆப்பரேட்டரோடு சண்டைக்கே போய்விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பையன் மடியில் தலை வைத்த இடத்தில், உனக்கு மலேரியா வந்து என் மடியில் கிடந்த நாளெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நேரம் கப்பல் சங்கு ஊதியிருந்தால், கோழியாவது கேரமாவது, ஓடிப்போய் ஏறியிருப்பேன். இது பொய்யில்லை. நீ இதை நம்ப வேண்டும்.

கப்பல் ஊதவில்லை. இரவெல்லாம் படுத்துப் புரண்டதில் எனக்கு ஒன்று தெளிந்தது. அதை நீ கோபப்படாமல் கேள். உன் கல்யாணத்துக்கு நானும் அப்பாவும் மெட்ராஸ் வந்தோமே, அப்போது பந்தி முடிந்து சுமதி வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நான் ஒரு படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லேகின், மத்லப் என்று நடுநடுவே இந்தி விழத்தான் செய்யும், இங்கே யாரும் அதைக் கவனிப்பதில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ வந்து என் தோளைத் தொட்டு, "அம்மா, இங்க எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்திருக்காங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னாய். நீ சொன்னதில் குற்றமே இல்லை. அவர்கள் பார்த்துத்தான் இருந்தார்கள். நான் நிறுத்திவிட்டேன். எனக்கு வலித்தது ராசா, இன்றைக்கும் வலிக்கிறது. திரும்பி வரும்போது கப்பல் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த உன் அப்பா, "அன்னைக்கு பாதியில நிப்பாட்டிட்டியே, மீதி என்ன?" என்று கேட்டார். கடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து சாயங்காலமும் என்னை உட்கார வைத்து எதையாவது காட்டுகிறாய். எல்லாம் முழுசாக, ஓட்டை இல்லாமல், இரைச்சல் இல்லாமல் வருகிறது. எனக்கு அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது? அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். இங்கே பாதிதான் வருகிறது, மீதிக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். கிறுக்கு ஊர், படத்துக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் கோழியைக் கொண்டுவந்து விடுகிற ஊர். இந்தக் கிறுக்கு ஊரில்தான் நான் ஒரு ஆள். மெட்ராசில் நான் ராசாவின் அம்மா மட்டும்தான். அதுவும் நல்ல பெயர்தான், ஆனால் அது மட்டும் போதாது என்று எனக்கே இந்த வாரம்தான் தெரிந்தது. நல்லதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, படிச்சு மெயின்லேண்டுக்குப் போ என்று உன்னை விரட்டி விரட்டி அனுப்பியவளும் நான்தான். அதனால் நீ என்னைக் கூப்பிட்டதில் தப்பில்லை, நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தாய்.

அம்மா புத்தி சொல்லாமல் கடிதம் முடித்ததாக இருக்கக் கூடாது, அதனால் ஒன்று சொல்கிறேன். சுமதி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், அது உனக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தாலும், கடைசிவரை கேள். உன் அப்பாவிடம் படிப்பில்லை, காசில்லை, கோபம் வேறு உண்டு. ஆனாலும் என்னை ஒரு தடவைகூடப் பாதியில் நிறுத்தியதில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தத் தீவில் எத்தனையோ மழைக்காலத்தைச் சமாளித்தேன். அப்புறம் உன் லீவுக்கு இரண்டு பேரும் வாருங்கள். ஒரு வாரத்துக்கு நானும் திட்டம் போட்டு வைக்கிறேன், ஒன்றும் போட்டபடி நடக்காது. சுமதி அவள் பார்த்த படத்தின் கதையெல்லாம் கொட்டகைக்காரர்களுக்குச் சொல்லட்டும், நான் இந்தியில் எடுத்துச் சொல்கிறேன்.

இன்று காலை கப்பலில் என்ஜின் ஓடுகிற சத்தம் இந்தக் கரை வரைக்கும் கேட்டது. நாளைக்குக் கண்டிப்பாகக் கிளம்பிவிடும் என்று செல்லையா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமையானாலும் தந்தி கொடுக்கலாமென்று போஸ்ட் மாஸ்டர் வீட்டு வாசல் வரை போனேன். 'வரவில்லை' என்று ஒற்றை வார்த்தையைப் பார்த்தால் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நீ பதறிப்போவாய். அதனால்தான் இதைச் செல்லையா கையில் கொடுத்து அனுப்புகிறேன். துறைமுகத்தில் இறங்குகிற கூட்டத்தில் என் தலையைத் தேடிக்கொண்டு நிற்பாய், அவரே உன்னைத் தேடி வந்து இதைக் கொடுப்பார். உடம்பு நன்றாக இருக்கிறது, ராசா. நான் வரவில்லை, அவ்வளவுதான். அந்த மகன் என்ன ஆனான் என்று மாலதி இன்றைக்கும் கேட்டாள். அவனே எழுதுவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, நாலு வார்த்தை திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா.